பதிவேடு இல்லாத ஊசிகள்: எசன்டன் கழகத்தின் 2012 பருவம்

2012ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் கால்பந்துப் பருவத்தின் முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டை எசன்டன் வென்றிருந்தது. தோற்ற ஒன்றும் ஏப்ரல் 25ஆம் தேதி, ஆஸ்திரேலியப் போர்வீரர் நினைவு நாளான அன்சாக் நாளில், காலிங்வுட் அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் கைநழுவிய ஆட்டம். பத்தாவது சுற்றில் அதன் எதிரே நின்றது, அந்த ஆண்டில் அதுவரை ஓர் ஆட்டம்கூட வென்றிராத மெல்பர்ன் அணி. எசன்டன் அதனிடம் தோற்றது. அந்தத் தோல்வியையும் சேர்த்துக் கடைசி 13 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்று, 11 வெற்றி, 11 தோல்வி, 18 அணிகளில் 11ஆம் இடம் என்று பருவத்தை முடித்தது. தொடையின் பின்தசை, கெண்டைக்கால் தசை என்று வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயப்பட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். உடலை வலுவாக்குகிறோம் என்று அளவுக்கு மீறிப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள் என்பதே அன்று பலரும் சொன்ன காரணம். அதே வீரர்களின் உடலில் அந்த மாதங்களில் என்னென்ன ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது என்ற கேள்வி எழ இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. எழுந்த பிறகு அதற்கு முழுமையான விடை கிடைக்கவேயில்லை. இந்த நிகழ்வின் மையமே அந்த விடையின்மைதான் என்பது என் கருத்து.

தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு என்பதால் சில செய்திகளை முதலில் சொல்லிவிட வேண்டும். இது நாம் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தை உதைத்தும் முஷ்டியால் தட்டியும் கடத்தி, நான்கு கம்பங்களுக்கு இடையே செலுத்தும் ஆட்டம். அணிக்கு 18 பேர் களத்தில் இருப்பார்கள். கிரிக்கெட் மைதானங்களிலேயே ஆடப்படும். விக்டோரியா மாநிலத்தில் பிறந்தது; ஏ.எஃப்.எல் என்ற ஒற்றை அமைப்பு தேசியப் போட்டியை நடத்துகிறது. வழக்கமான சுற்றுகள் முடிந்ததும் முதல் எட்டு அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குச் செல்வது அன்றைய முறை. மெல்பர்னின் வடமேற்குப் புறநகரில் வேர்விட்ட எசன்டன், 16 முறை பட்டம் வென்ற, ஆதரவாளர் பலம் மிகுந்த கழகம். கடைசிப் பட்டம் 2000ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்தப் பட்டத்தை அணித் தலைவராக இருந்து வென்றவர் ஜேம்ஸ் ஹர்ட்.

அந்த ஹர்ட்தான் 2011 பருவத்திலிருந்து எசன்டனின் தலைமைப் பயிற்சியாளர். ஆடிய காலத்தில் கழகத்தின் கண்ணின் மணியாக இருந்தவர். பயிற்சியாளராக முன் அனுபவம் இல்லாதவர். அந்தக் குறையை ஈடுகட்ட, ஜீலாங் அணிக்கு 2007, 2009 ஆண்டுகளில் பட்டம் வாங்கித் தந்த மார்க் தாம்சன் மூத்த உதவியாளராக அமர்த்தப்பட்டார். போட்டியில் மேலே இருந்த அணிகளின் வீரர்களோடு ஒப்பிட்டால் எசன்டன் வீரர்கள் உடல் வலுவில் பின்தங்கியிருக்கிறார்கள் என்ற எண்ணம் கழகத்துக்குள் இருந்தது. டீன் ராபின்சன் உடற்திறன் பிரிவின் தலைவராக வந்தார். 2011 இறுதியில் ஸ்டீபன் டாங்க் என்ற விளையாட்டு அறிவியலாளர் அவருக்குக் கீழே சேர்ந்தார். இவர் மருத்துவர் அல்லர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கழகத்துக்கு ஒரு மருத்துவர் இருந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எசன்டன் வீரர்களைக் கவனித்துவந்த புரூஸ் ரீட். 2012 ஜனவரியில், பருவம் தொடங்குவதற்கு முன்பே, அவர் ஹர்ட்டுக்கும் அப்போதைய கால்பந்துப் பிரிவு மேலாளருக்கும் முகவரியிட்டு ஒரு கடிதம் எழுதினார். ஏறத்தாழ மூன்று மாதங்களாக வீரர்களுக்குத் துணைமருந்துகள் தரப்பட்டு வருகின்றன. என்ன தரப்படுகிறது, அதற்கான ஆய்வுச் சான்று எது என்று தாம் திரும்பத் திரும்பக் கேட்டும் அண்மைக்காலம் வரை எதுவும் தரப்படவில்லை. இந்த நிலையில் கழக மருத்துவராக இருப்பதே தமக்குச் சங்கடமாக இருக்கிறது என்பது அதன் சாரம். ஏஓடி-9604 என்ற மருந்தின் பெயரைக் குறிப்பிட்டே அவர் கவலை தெரிவித்திருந்தார். உடல் பருமனைக் குறைப்பதற்காக மெல்பர்னில் உருவாக்கப்பட்டு, சோதனைகளில் எதிர்பார்த்த பலன் தராததால் சந்தைக்கே வராமல் போன பொருள் அது. பின்னாளில் அந்தக் கடிதம் யார் மேசையில் தங்கியது, யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று நீண்ட வாதம் நடந்தது. எனக்கு அந்த வாதத்தைவிட முக்கியமாகப் படுவது வேறு: கேட்டும் பதில் கிடைக்காத மருத்துவர் நேரே கழகத் தலைவரிடமோ நிர்வாகக் குழுவிடமோ செல்வதற்கு ஒரு வழி இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு வழியைக் கழகம் அமைத்திருக்கவில்லை.

கடிதத்துக்குச் சில வாரங்கள் கழித்து, பிப்ரவரியில், வீரர்களைக் கூட்டி டாங்க் திட்டத்தை விளக்கினார். 38 வீரர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். இந்தப் படிவத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அதில் நான்கு பொருள்களின் பெயர்கள் இருந்தன: ஏஓடி-9604, தைமோசின், சீம்பாலிலிருந்து எடுக்கப்படும் கொலஸ்ட்ரம், நெருஞ்சி இனத்துத் தாவரத்திலிருந்து எடுக்கப்படும் டிரிபுலஸ். ஏஓடியும் தைமோசினும் ஊசிகள். தைமோசின் வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரங்கள். இவை அனைத்தும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் விதிகளுக்கு உட்பட்டவை என்ற உறுதிமொழியும் அதே தாளில் இருந்தது. படித்துப் பார்த்த இளைஞனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் தைமோசின் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். அதில் சில தடைசெய்யப்படாதவை. தைமோசின் பீட்டா-4 தடைசெய்யப்பட்டது. திசுக்களைச் சீக்கிரம் ஆற்றுவதாகக் கருதப்படும் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. படிவத்தில் ‘தைமோசின்’ என்று மட்டுமே இருந்தது. கடைச் சீட்டில் அரிசி என்று எழுதிவிட்டு எந்த அரிசி என்று எழுதாமல் விட்டதைப் போன்ற ஒரு விடுபடல். மளிகைக் கணக்கில் இது சிறு பிழை. இங்கே பின்னாளில் குற்றம் சாட்டப்பட்ட 34 பேரின் தொழில் வாழ்க்கை அந்த விடுபட்ட அடைமொழியில் தொங்கியது. நாளைக்கு வழக்கு வந்தால் திறந்து காட்டுவதற்கு, எந்த வீரருக்கு எந்தத் தேதியில் எந்தக் குப்பியிலிருந்து எவ்வளவு செலுத்தப்பட்டது என்று சொல்லும் நம்பத்தக்க பதிவேடும் கழகத்தில் இல்லை. ஊசிகள் கழகத்தின் அன்றைய இருப்பிடமான விண்டி ஹில் மைதான வளாகத்திலும், சில வேளைகளில் வெளியே இருந்த ஒரு சிகிச்சையகத்திலும் போடப்பட்டன.

டேவிட் ஸகராகிஸ் என்ற வீரர் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருந்தின் மேல் சந்தேகம் கொண்டதால் அல்ல; அவருக்கு ஊசி என்றாலே பிடிக்காது என்பதுதான் வெளியே சொல்லப்பட்ட காரணம். குற்றம் சாட்டப்பட்ட 34 பேர் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. விதிமுறையும் மருத்துவரும் நிர்வாகமும் காக்கத் தவறிய இடத்தில் ஒருவரைக் காத்தது ஊசியைக் கண்டால் கூசும் சுபாவம்!

தானாக முன்வந்த நாள்

2013 பிப்ரவரி 5ஆம் தேதி எசன்டன் தலைவர் டேவிட் எவன்ஸ், தலைமை நிர்வாகி இயன் ராப்சன், ஹர்ட் மூவரும் செய்தியாளர்கள் முன் அமர்ந்து, 2012 பருவத்தில் நடந்த துணைமருந்துத் திட்டம் குறித்துத் தங்களுக்கு ஐயம் எழுந்துள்ளதாகவும், விசாரணை நடத்துமாறு ஏ.எஃப்.எல் அமைப்பையும் ஆஸ்திரேலிய ஊக்கமருந்துத் தடுப்பு ஆணையமான அசாடாவையும் தாங்களே கேட்டுக்கொண்டதாகவும் அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து கான்பெராவில் நடுவண் அரசின் அமைச்சர்கள், ஆஸ்திரேலிய விளையாட்டில் பெப்டைடுகளும் திட்டமிட்ட குற்றக் கும்பல்களும் புகுந்திருப்பதாகக் குற்றவியல் ஆணையத்தின் அறிக்கையை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலிய விளையாட்டின் மிக இருண்ட நாள் என்று அசாடாவின் முன்னாள் தலைவர் ஒருவர் அதை வருணித்தார். அந்தத் தொடர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெரிய குற்றவலை என்று நாட்டுக்குச் சொல்லப்பட்டது, பிற்பாடு பெரும்பாலும் இரண்டு கழகங்களின் கதையாகச் சுருங்கியது. ஆனால் அந்த முதல் வாரத்தின் கூச்சல், எசன்டன் விவகாரத்தை நிதானமாக விசாரிக்கும் வாய்ப்பைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கழகமே கேட்டுக்கொண்ட உள்ளாய்வை டெல்ஸ்ட்ரா தொலைத்தொடர்பு நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி சிக்கி ஸ்விட்கோவ்ஸ்கி நடத்தினார். கட்டுப்படுத்தப்படாத, கேள்வி கேட்கப்படாத, எழுதிவைக்கப்படாத மருந்துப் பரிசோதனைச் சூழல் ஒன்று கழகத்துக்குள் நிலவியது என்ற பொருளில் அவர் எழுதிய வாசகம் மே மாதம் வெளியானது. இந்தப் பிரச்சினையைப் பற்றிப் பின்னர் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்களில் இதைவிடத் துல்லியமான வரி இல்லை. ராப்சன் அந்த மாதமே பதவி விலகினார். ஜூலையில் எவன்ஸும் விலகினார். ஜூன் மாதத்தில் அணித் தலைவர் ஜோப் வாட்சன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தமக்கு ஏஓடி-9604 தரப்பட்டது என்றே நம்புவதாகவும், அது அனுமதிக்கப்பட்டது என்று சொல்லப்பட்டதாகவும் வெளிப்படையாகக் கூறினார். அதற்குள் வாடா, எந்த நாட்டிலும் மனிதப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெறாத பொருள் என்ற பிரிவில் அது தடைக்குரியது என்று தெளிவுபடுத்தியிருந்தது. அடுத்த சில ஆட்டங்களில் எதிரணி ஆதரவாளர்கள் வாட்சனைக் கூச்சலிட்டு இழித்தார்கள். ஆனால் ஏஓடிக்காக எந்த வீரர் மீதும் கடைசிவரை குற்றச்சாட்டு வரவில்லை. வழக்கு முழுவதும் தைமோசின் பீட்டா-4 ஒன்றைப் பற்றியது.

அசாடாவின் இடைக்கால அறிக்கை 2013 ஆகஸ்டு தொடக்கத்தில் ஏ.எஃப்.எல் கைக்கு வந்தது. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்குக் காத்திராமல், ஆட்டத்தின் நற்பெயரைக் கெடுத்ததாகக் கழகத்தின் மீதும் ஹர்ட், தாம்சன், அப்போதைய கால்பந்துப் பிரிவு மேலாளர் டேனி கார்கரன், மருத்துவர் ரீட் ஆகியோர் மீதும் அது குற்றம் சாட்டியது. பல நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆகஸ்டு 27ஆம் தேதி தண்டனை அறிவிக்கப்பட்டது. கழகத்துக்கு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். ஹர்ட்டுக்கு ஓராண்டு இடைநீக்கம். கார்கரனுக்குக் குறுகிய இடைநீக்கம். தாம்சனுக்கு 30,000 டாலர் அபராதம். புதிய இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் கழகத்தின் முதன்மையான உரிமைகள் பறிக்கப்பட்டன. எச்சரித்துக் கடிதம் எழுதிய ரீட் மீதான குற்றச்சாட்டு அடுத்த மாதம் கைவிடப்பட்டது. அவர் கடைசிவரை உடன்பட மறுத்து நின்றவர்.

இவற்றோடு 2013 இறுதிச் சுற்றுகளிலிருந்தும் எசன்டன் நீக்கப்பட்டது. அந்த ஆண்டு அது 14 ஆட்டங்களை வென்று ஏழாம் இடத்தில் இருந்தது. ஒன்பதாம் இடத்துக்கு இறக்கப்பட்டது. ஒன்பதாவதாக முடித்திருந்த கார்ல்டன் அந்தக் காலி இடத்தில் ஏறி, முதல் இறுதிச் சுற்றிலேயே ரிச்மண்ட் அணியைத் தோற்கடித்தது. கார்ல்டன், சம்பள உச்சவரம்பை மறைமுகமாக மீறியதற்காக 2002இல் ஏ.எஃப்.எல்லிடம் கடும் அபராதமும் டிராஃப்ட் தடையும் வாங்கிய கழகம். பன்னிரண்டு ஆண்டுகளாக இறுதிச் சுற்றைக் காணாமல் தவமிருந்து வந்த ரிச்மண்ட் ஆதரவாளர்கள், எசன்டன் ஆய்வகத்தில் நடந்ததற்கு நாங்களா விலை கொடுப்பது என்று கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது.

தண்டனையின் அமைப்பைக் கவனித்தால் ஒரு முரண் தென்படும். என்ன செலுத்தப்பட்டது என்பது நிறுவப்படாத நிலையிலேயே, என்ன செலுத்தப்பட்டது என்று தெரியாமல் வைத்திருந்ததற்காகக் கழகம் தண்டிக்கப்பட்டது. நிர்வாகக் குற்றம் என்ற அளவில் அது சரியான தீர்ப்பே. ஆனால் அந்த ஒப்பந்தத்தோடு விவகாரம் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிட்டார்கள். வீரர்களின் வழக்கு அப்போதுதான் தொடங்கவிருந்தது.

இரண்டு மன்றங்கள், ஒரே சான்று

2014 ஜூன் 12ஆம் தேதி அசாடா, 34 வீரர்களுக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. கழகமும் ஹர்ட்டும் கூட்டரசு நீதிமன்றம் சென்றார்கள். விசாரணை நடந்த காலத்தில் ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பதில் சொல்லவைக்கும் அதிகாரம் அசாடாவுக்கு இல்லை, ஏ.எஃப்.எல்லுக்கோ வீரர்களின் ஒப்பந்தம் வழியாக அந்த அதிகாரம் இருந்தது. இரு அமைப்புகளும் ஒரே அறையில் அமர்ந்து வீரர்களை விசாரித்ததன் மூலம் அசாடா தனக்கில்லாத அதிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டது என்பது அவர்களின் வாதம். நீதிபதி ஜான் மிடில்டன் அதை ஏற்கவில்லை. செப்டம்பரில், கூட்டு விசாரணை சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தார். ஹர்ட் மட்டும் மேல்முறையீடு செய்தார். 2015 ஜனவரியில் அதுவும் தோற்றது. வாதம் மதிநுட்பமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தம் உடலில் என்ன சென்றது என்று தெரியாமல் காத்திருந்த இளைஞர்களுக்கு, அந்த ஏழெட்டு மாதங்கள் எந்த விடையையும் கொண்டுவரவில்லை.

முன்னாள் நீதிபதி டேவிட் ஜோன்ஸ் தலைமையிலான ஏ.எஃப்.எல் ஊக்கமருந்துத் தடுப்புத் தீர்ப்பாயம் 2014 டிசம்பரில் விசாரணையைத் தொடங்கியது. இந்த வழக்கில் எந்தப் பரிசோதனைக் கூடமும் ஒரு வீரரின் சிறுநீரைக் காட்டி, இதோ பீட்டா-4 என்று உறுதியாகச் சொல்லவில்லை. எல்லாம் சூழ்நிலைச் சான்று. அசாடாவின் கதை இப்படிச் சென்றது: சீனாவில் உள்ள ஒரு தயாரிப்பாளரிடமிருந்து மூலப்பொருள் வாங்கப்பட்டது, மெல்பர்னில் ஒரு மருந்தாளுநர் அதைக் கலந்து ஊசிமருந்தாக்கினார், அது டாங்க் கைக்குப் போனது, டாங்க் கையிலிருந்து வீரர்களுக்குப் போனது. பொருளை வரவழைத்தவரும் மருந்தாளுநரும் தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தி அழைக்க விக்டோரியா உச்ச நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. டாங்க் தீர்ப்பாயத்துக்கு வரவேயில்லை. தடைசெய்யப்பட்ட எதையும் தாம் தரவில்லை என்பதே அவர் தொடர்ந்து சொல்லிவரும் நிலைப்பாடு.

2015 மார்ச் 31ஆம் தேதி தீர்ப்பாயம் 34 பேரையும் விடுவித்தது. இவ்வகை வழக்குகளில் தேவைப்படும் அளவு, நடுவர்கள் மனநிறைவோடு நம்பக்கூடிய உறுதி. உரிமையியல் வழக்கில் போதுமான ‘இருக்க வாய்ப்பு அதிகம்’ என்பதைவிட மேல். குற்றவியல் வழக்கின் ‘ஐயத்துக்கு இடமில்லை’ என்பதைவிடக் கீழ். தீர்ப்பாயம் சான்றை ஒரு சங்கிலியாகப் பார்த்தது. சீனாவிலிருந்து வந்தது பீட்டா-4தானா என்ற முதல் கண்ணியிலேயே அதற்கு உறுதி வரவில்லை; கலக்கப்பட்டது அதுதானா, டாங்க் வாங்கியது அதுதானா, செலுத்தியது அதுதானா என்ற கண்ணிகளிலும் வரவில்லை. ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி அறுந்ததுதானே. டாங்க் மட்டும் வேறு பல குற்றங்களுக்காகப் பொறுப்பாக்கப்பட்டு, வாழ்நாள் தடை பெற்றார்.

அசாடா மேல்முறையீடு செய்யவில்லை, வாடா செய்தது. சுவிட்சர்லாந்தின் லோசானைத் தலைமையிடமாகக் கொண்ட விளையாட்டு நடுவர் மன்றம், 2015 நவம்பரில் சிட்னியில் ஐந்து நாள் அமர்ந்து வழக்கை முதலிலிருந்து மறுபடி கேட்டது. மைக்கேல் பெலாஃப், ரொமானோ சுபியோட்டோ, நியூ சவுத் வேல்ஸ் முன்னாள் தலைமை நீதிபதி ஜேம்ஸ் ஸ்பிகல்மன் ஆகிய மூவர் நடுவர்கள். 2016 ஜனவரி 12ஆம் தேதி அவர்களின் தீர்ப்பு வந்தது: 34 பேரும் குற்றவாளிகள், இரண்டு ஆண்டுத் தடை. முன்பே தாமாக ஒதுங்கியிருந்த காலம் கழிக்கப்பட்டு, பெரும்பாலோருக்குத் தடை 2016 நவம்பரில் முடியும். நடைமுறையில் அது 2016 பருவம் முழுவதும்.

பெரிய புதிய சாட்சி எவரும் வந்துவிடவில்லை. மாறியது எடைபோடும் முறை. வாடாவின் வழக்கறிஞர்கள், இது சங்கிலி அல்ல, வடம் என்றார்கள். நடுவர்கள் அதை ஏற்றார்கள். தேர்வடத்தில் எந்தப் புரியும் தனியாகத் தேரை இழுக்காது; ஒரு புரி நைந்தாலும் வடம் அறுந்துவிடாது. ஒப்புதல் படிவத்தில் இருந்த தைமோசின் என்ற சொல், அதில் குறித்த வேளைக்கணக்கு, ‘தைமோசின்’ என்று எழுதிய குப்பியைப் பார்த்ததாகச் சில வீரர்கள் சொன்னது, குறுஞ்செய்திகள், திட்டத்தின் நோக்கமே சீக்கிரம் தேறுவது என்பது, 2013 ஏப்ரலில் ஒரு நாளிதழ்ப் பேட்டியில் டாங்க் பீட்டா-4 கொடுத்ததாகப் பேசிவிட்டு, அது தடைப்பட்டியலில் இருப்பது சொல்லப்பட்ட பிறகு, தாம் குறிப்பிட்டது தடையில்லாத தைமோமாடுலின் என்று திருத்திக்கொண்டது: இவற்றைத் தனித்தனியாக எடுத்தால் எதுவும் போதாது, சேர்த்து முறுக்கினால் மனநிறைவான உறுதி வருகிறது என்றார்கள்.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டுமே தம்தம் தர்க்கத்தில் நிற்கின்றன என்பது என் எண்ணம். திட்டம் முழுவதற்கும் இருந்தது எது என்ற கேள்விக்கு வடம் என்ற அணுகுமுறை பொருத்தமானது. தைமோசின் என்று அங்கே புழங்கியது பீட்டா-4ஆகத்தான் இருந்திருக்கும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் 34 தனி மனிதர்களில் ஒவ்வொருவருக்கும் அது செலுத்தப்பட்டதா என்ற கேள்விக்கு வரும்போது வடம் சற்றுத் தொய்கிறது. ஒரே கழகம், ஒரே படிவம், ஒரே ஊசிக்காரர் என்பதால் 34 பேரும் ஒன்றே என்று கொள்ளப்பட்டது. படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் 38 பேர், தண்டிக்கப்பட்டவர்கள் 34 பேர் என்பதையும், ஊசி பற்றிய நினைவு வீரருக்கு வீரர் வேறுபட்டதையும் வைத்துப் பார்த்தால், பதிவேடு இருந்திருந்தால் அந்த எண்ணிக்கை வேறாக இருந்திருக்கக்கூடும். பதிவேடு வைக்கத் தவறியது கழகம். அதன் பலனை அனுபவித்தது வீரர்கள்.

இப்படிச் சொல்வதால் வீரர்கள் முற்றிலும் ஏமாற்றப்பட்ட பச்சைக் குழந்தைகள் என்று நான் சொல்ல வரவில்லை. தீர்ப்பு வந்த அன்று அசாடாவின் அன்றைய தலைவர் பென் மெக்டெவிட் சுட்டிக்காட்டிய ஒரு செய்தி அவர்களுக்கு எதிராகக் கனமாக நிற்கிறது. திட்டம் நடந்த காலத்தில் அசாடா 30 முறை பரிசோதனைக்கு வந்திருக்கிறது. மாதிரி எடுக்கும்போது, அண்மையில் என்னென்ன மருந்து, துணைமருந்து எடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு படிவத்தில் எழுதுவது வழக்கம். பரிசோதிக்கப்பட்ட வீரர்களில் ஒருவர்கூட அந்த ஊசிகளைக் குறிப்பிடவில்லை. வைட்டமின் மாத்திரையையும் வலிநிவாரணியையும் எழுதுகிற இடத்தில், வாரந்தோறும் வயிற்றில் குத்திக்கொள்ளும் ஊசியை அத்தனை பேரும் மறந்தார்கள் என்பதை எளிதில் ஏற்க முடியாது. மறைக்கச் சொல்லப்பட்டதா, முக்கியமில்லை என்று நினைத்தார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தவறு தங்களுடையதில்லை என்று தண்டனைக் குறைப்புக் கேட்க வந்தபோது இந்த ஒரு வெற்றிடமே அவர்களைக் கவிழ்த்துவிட்டது. கழக மருத்துவரிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்ற கேள்விக்கும் அவர்களிடம் நல்ல பதில் இல்லை.

மறுபுறம், 20 வயதில் ஒரு பெரிய கழகத்துக்குள் நுழையும் வீரரின் நிலையையும் பார்க்க வேண்டும். எப்போது எழ வேண்டும், என்ன உண்ண வேண்டும், எத்தனை கிலோ எடை இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கழகம் தீர்மானிக்கும் தொழில் அது. அணித்தேர்வும் அதே ஆள்களின் கையில். அவரைத் தொழிலாளியாகவும் கழகத்தை முதலாளியாகவும் பார்த்த ஒரே அமைப்பு, விக்டோரியாவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான வொர்க்சேஃப்தான். பாதுகாப்பான பணியிடத்தைத் தரத் தவறியதாக அது தொடுத்த வழக்கில் கழகம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016 ஜனவரியில் மெல்பர்ன் நீதிமன்றம் 2 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நடுவர் மன்றத் தீர்ப்பின் இரைச்சலில் இந்தச் செய்தி ஓரமாய்ப் போய்விட்டது. இந்த விவகாரத்தைச் சரியான பெயரிட்டு அழைத்த வழக்கு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டாங்க் முன்னர் பணியாற்றிய, ரக்பி லீக் ஆடும் சிட்னியின் க்ரோனுல்லா கழகத்திலும் 2011 பருவத்தை முன்னிட்டு இதே போன்ற வழக்கு இருந்தது. அந்த வீரர்கள் 2014 ஆகஸ்டில் குற்றத்தை ஏற்று, முன்தேதியிட்ட ஓராண்டுத் தடைக்கு உடன்பட்டார்கள். நடைமுறையில் அவர்கள் இழந்தது பருவக் கடைசியில் மூன்று ஆட்டங்கள் மட்டுமே. எசன்டன் வீரர்களுக்கும் அந்த வழி திறந்துதான் இருந்தது. தங்கள் மேல் குற்றம் இல்லை என்று நம்பியவர்கள் போராடினார்கள். போராடியதற்கு ஒரு முழுப் பருவம் விலையாயிற்று. 2016இல் க்ரோனுல்லா தன் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பட்டம் வென்றது.

எசன்டனுக்கு 2016 வேறு மாதிரி அமைந்தது. ஹர்ட் இடைநீக்கத்தில் இருந்த 2014இல் தாம்சன் அணியை நடத்தினார். 2015இல் ஹர்ட் திரும்பினார். ஆனால் அடிலெய்டு அணியிடம் 112 புள்ளிகளில் தோற்ற பின் ஆகஸ்டில் பதவி விலகினார். ஜான் வர்ஸ்ஃபோல்டு புதிய பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற சில மாதங்களில் தடை வந்தது: எசன்டனில் எஞ்சியிருந்த 12 பேர் வெளியே. போர்ட் அடிலெய்டு, செயின்ட் கில்டா, வெஸ்டர்ன் புல்டாக்ஸ், மெல்பர்ன் அணிகளுக்கு மாறிப் போயிருந்த ஐவரும் வெளியே. அந்தக் கழகங்கள் செய்யாத தவறுக்கும் ஆள் இழந்தன. எசன்டன் தற்காலிகமாகப் பத்து வீரர்களைச் சேர்த்துக்கொள்ள ஏ.எஃப்.எல் அனுமதித்தது, ஓய்வு பெற்றிருந்தவர்களும் பிற கழகங்கள் கைவிட்டவர்களும் வந்தார்கள். இரண்டாவது சுற்றில் அந்த அணி மெல்பர்னை வென்றபோது, 2012இல் எந்த அணியிடம் சரிவு தொடங்கியதோ அதே அணி என்பதைப் பழைய ஆதரவாளர்கள் கவனித்திருப்பார்கள். மொத்தம் 3 வெற்றி, 19 தோல்வி; 1933க்குப் பிறகு முதல்முறையாகக் கடைசி இடம். அந்த இடத்துக்கு அங்கே கிண்டலாக மரக்கரண்டி என்று பெயர். சுவிஸ் கூட்டரசு நீதிமன்றத்தில் வீரர்கள் செய்த முறையீடும் அந்த அக்டோபரில் தள்ளுபடியானது.

வாட்சன் அந்த ஆண்டின் ஒரு பகுதியை நியூயார்க்கில் கழித்தார். அங்கே ஒரு காபிக் கடையில் காபி போட்டுக்கொண்டிருந்தார். 2012 பருவத்தின் முடிவில், போட்டியின் மிகச் சிறந்த, நேர்மையான வீரர் என்று களநடுவர்களின் வாக்குகளால் தெரிவு செய்யப்படும் பிரவுன்லோ பதக்கத்தை 30 வாக்குகளோடு வென்றவர் அவர். தடை உறுதியான பிறகு அந்தப் பதக்கம் அவரிடம் நீடிக்க வழியில்லை, ஏ.எஃப்.எல் முடிவை அறிவிப்பதற்கு முன்பே, 2016 நவம்பரில், தாமே அதைத் திருப்பித் தந்துவிட்டார். அன்று 26 வாக்குகளோடு சமமாக இரண்டாம் இடத்தில் இருந்த ஹாதார்னின் சாம் மிட்செலுக்கும் ரிச்மண்டின் ட்ரென்ட் காட்சினுக்கும் டிசம்பரில் எளிய நிகழ்ச்சி ஒன்றில் பதக்கங்கள் வழங்கப்பட்டன. வாட்சன் 2017இல் திரும்பி வந்து ஒரு பருவம் எசன்டனுக்காக ஆடி ஓய்வு பெற்றார். 2012ஆம் ஆண்டின் வாக்குப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 30 என்ற எண் இன்றும் இருக்கிறது. வென்றவர்கள் வரிசையில் மற்ற இருவரின் பெயர்கள் இருக்கின்றன.